பூட்ஸ் பெட்டியில் இருந்த சம்பளச் சீட்டுகள்

போன மாதம் என் அலுவலகத் தோழி ஓர் இரங்கல் அறிவிப்பைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். இறந்தவர் அவளுடைய பாட்டி. நெப்ராஸ்கா மாநிலத்தின் வடமேற்கே, மணற்குன்றுப் பகுதியில் வெளிவரும் ஓர் உள்ளூர் வாரப் பத்திரிகையில் வந்த அறிவிப்பு அது. பிறந்த வருடம், பெற்றோர், திருமணம், நான்கு பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் நீண்ட வரிசை எல்லாம் முடிந்து, கடைசியில் தனி வரியாக இரண்டே சொற்கள்: பள்ளி ஆசிரியை, ராஞ்ச் மனைவி. ராஞ்ச் என்றால் மாடு மேய்க்கும் பெரும் பண்ணை, அதை நடத்துகிறவர் ராஞ்சர். அந்த இரண்டாவதைத் தமிழில் எழுதிப் பார்த்தால் ஏதோ மேய்ச்சல் நிலத்துக்கே கழுத்தை நீட்டியவர் போலச் சிரிப்பாக இருக்கிறது. அன்று எனக்கு வந்ததோ கோபம். அந்த அம்மாளை எனக்குத் தெரியும். அறுபது ஆண்டுக்காலம் மாடும் கன்றும் வைக்கோலுமாக மாய்ந்தவரைப் போயும் போயும் யாருடைய மனைவி என்ற கணக்கில் அடைத்து அனுப்பிவிட்டார்களே என்று தோழிக்கு நாலு வரி எழுதினேன். ராஞ்சர் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும், யார் எழுதியது இதை என்று கேட்டேன். பதில் உடனே வந்தது. "பாட்டியே எழுதியதுதான். இரண்டு வருடத்துக்கு முன்பே எழுதி, ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்று கீழே பென்சிலில் குறிப்பும் வைத்திருந்தார்."

அதிலிருந்து அந்த வரி என்னை விடவில்லை. செய்வதெல்லாம் செய்துவிட்டுத் தன்னை ஏன் ஒருவர் இப்படிச் சுருக்கி எழுதிக்கொள்ள வேண்டும்? அடக்கம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவரிடம் எனக்குத் தெரிந்து அடக்கம் என்ற குணமே கிடையாது.

2014 ஏப்ரலில்தான் அவரை முதலில் பார்த்தேன். நான் அதே மாநிலத்து ஒமாஹா நகரில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம். கன்று ஈனும் காலம், பாட்டி வீட்டில் ஆள் போதவில்லை, நீயும் வாயேன் என்று தோழி கூப்பிட்டாள். ஏறக்குறைய முந்நூறு மைல். பாதி வழி வரைக்கும் சோளமும் சோயாவும் அறுத்த தரை. அதன்பின் உழவு நின்றுபோய் வெறும் புல்வெளி தொடங்குகிறது. அலை அலையாக மணல்மேடுகள், அவற்றின் மேல் தோல் போலப் புல். ஓரிடத்தில் மாடு மிதித்துத் தோல் கிழிந்தால் போதும், காற்று உள்ளே புகுந்து குழி தோண்டிவிடும். அதனால் இங்கே யாரும் உழுவதில்லை. மாடு மேய்க்கலாம், அவ்வளவுதான். கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போல. இங்குள்ள செர்ரி கவுண்டி ஒன்றே ஏறக்குறைய ஆறாயிரம் சதுர மைல். மக்கள்தொகை அந்த எண்ணைக்கூட எட்டவில்லை. மாட்டுப்பண்ணை என்று சொன்னால் நமக்குப் பால்கேன்தான் நினைவுக்கு வரும். இங்கே யாரும் பால் கறப்பதில்லை. தாயும் கன்றும் புல்லில் கிடக்கின்றன. இலையுதிர்காலத்தில் கன்றுகளை விற்கிறார்கள். எங்கள் தாராபுரம் பக்கத்துக் கொரங்காட்டை, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் காட்டை, பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: கிளுவை வேலிக்குப் பதில் முள்கம்பி, வெள்வேல மரங்களைப் பிடுங்கிவிட்டு, ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக்கொள்ள வேண்டும்.

போனதும் ஒரு தவறு செய்தேன். பேச்சுக்கு ஏதாவது கேட்போமே என்று, "எத்தனை மாடு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். தோழி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மாள் அடுப்படியிலிருந்து திரும்பாமலே, "உன் வங்கிக் கணக்கில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று நான் கேட்கவில்லையே" என்றார். ஒரு பசுவும் கன்றும் ஓராண்டு பிழைக்கப் பத்து முதல் இருபது ஏக்கர் வரை தேவைப்படும் நிலத்தில், மாட்டின் எண்ணிக்கையைச் சொன்னால் சொத்துக் கணக்கையே சொன்னது போலத்தான். இன்னொரு சங்கடம், அவரை எப்படிக் கூப்பிடுவது என்பது. எழுபத்தெட்டு வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு வளையவில்லை. அந்த வட்டாரத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் அவரிடம் எழுத்துக் கற்றவர்கள் என்று தோழி சொல்லியிருந்ததால், "டீச்சர்" என்றேன். நின்று ஒரு பார்வை பார்த்தார். பிறகு எனக்கு முதலில் காபி வந்தது.

நள்ளிரவுக் கொட்டகை

தலையீற்றுக் கிடேரிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தாக வேண்டும். முன்பே ஈன்று பழகிய பசுக்கள் தாங்களே மேட்டுக்குப் பின்னால் ஒதுங்கி ஈன்றுகொள்ளும். கிடேரிகளுக்கு என்ன நடக்கிறதென்றே தெரியாது. மகன் முதுகு பிடித்துப் படுத்திருந்ததால் இரவுக் காவல் டீச்சருடையது. ஒரு மணிக்கு எழுப்பினார். வெளியே பனி நொறுங்கும் குளிர். கொட்டகைக்குள் ஒரு கறுப்புக் கிடேரி பக்கவாட்டில் படுத்திருந்தது. வாலுக்குக் கீழே இரண்டு குளம்புகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன, மஞ்சளாக, சோப்புக் கட்டி நனைந்தது போல. "குளம்பின் அடிப்பக்கம் தரையைப் பார்க்கிறதா?" என்று என்னிடம் கேட்டார். பார்க்கிறது என்றேன். "அப்படியானால் முன்னங்கால். வானத்தைப் பார்த்தால் பின்னங்காலாக இருக்கலாம், கவலைப்பட வேண்டும்." பாடம் நடக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முழங்கைக்கு மேலே சட்டையை மடித்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, கையை உள்ளே விட்டார். கண்ணை மூடியபடி எதையோ மனப்பாடம் செய்பவர் போல நின்றார். மூக்கு தட்டுப்படுகிறது, தலை நேராக இருக்கிறது, கன்றுதான் பெரிது என்றார். வாளித் தண்ணீரிலிருந்து மெல்லிய சங்கிலியை எடுத்து ஒவ்வொரு காலிலும் கணுவுக்கு மேலே ஒரு சுருக்கு, கீழே ஒரு சுருக்கு போட்டார். ஒரே சுருக்கில் இழுத்தால் எலும்பு முறியுமாம். "அவள் முக்கும்போது மட்டும் இழு. அவள் நின்றால் நீயும் நில்." நானும் தோழியும் ஆளுக்கொரு சங்கிலி. முதலில் நேராக, தலை வந்தபின் கீழ்நோக்கி. நாக்கு வீங்கி நீலம் பாரித்து வெளியே தொங்கியது. தோள் தாண்டியதும் மற்றதெல்லாம் தண்ணீர் கொட்டுவது போல ஒரே கணத்தில் வைக்கோலில் வந்து விழுந்தது. மூச்சு இல்லை. டீச்சர் மண்டியிட்டு வாயில் விரல் விட்டுச் சளியை வழித்தார், ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து மூக்குத் துளைக்குள் நுழைத்துக் குடைந்தார். கன்று தும்மியது. அவ்வளவுதான், எழுந்துவிட்டார். கிடேரி திரும்பி முகர்ந்து நக்கத் தொடங்கும் வரை விளக்கை அணைக்கச் சொல்லி இருட்டில் நின்றோம். கன்று எழுந்து மடியைத் தேடிச் சீம்பால் குடிக்கும்போது மணி மூன்றாகிவிட்டது.

சமையலறைத் தொட்டியில் தோள் வரைக்கும் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம், வியப்பு அடங்காமல் கேட்டேன்: "டீச்சர், நீங்கள் எத்தனை வருடமாக ராஞ்சர்?" எழுத்துப்பிழையைத் திருத்துகிற தொனியில் பதில் வந்தது. "நான் ராஞ்சர் இல்லை. என் கணவர் ராஞ்சர். இப்போது என் மகன் ராஞ்சர். நான் ராஞ்ச் மனைவி."

எட்டு வகுப்பு, ஒரு அடுப்பு

அவர் 1935இல் பிறந்தவர். நெப்ராஸ்காவில் அப்போது உயர்நிலைப் பள்ளியிலேயே ஆசிரியப் பயிற்சிப் பாடம் உண்டு. அதை முடித்தால் கல்லூரிக்குப் போகாமலே கிராமப் பள்ளியில் சேரலாம். பதினெட்டு வயதில் ஒற்றை அறைப் பள்ளிக்கு வந்துவிட்டார். பதினொரு பிள்ளைகள், எட்டு வகுப்புகள். பதினொன்றில் நான்கு பேர் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒருவன் ஆசிரியையைவிட உயரம். பள்ளிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை வீடு கொடுத்திருந்தார்கள். விடியுமுன் அடுப்பு மூட்டுவது, குழாயடியில் பாம்பு இருக்கிறதா என்று பார்ப்பது, கொடி ஏற்றுவது எல்லாம் அவர் வேலை. ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்ற ஏழும் கேட்டுக்கொண்டிருக்கும். நான்காம் வகுப்புக்கு வருவதற்குள் ஆறாம் வகுப்புப் பின்னங்கள் காதுவழியே பழகியிருக்கும் என்றார். பெரிய பையனுக்கு வாசிப்பு வராவிட்டால் அவனையே சின்னக் குழந்தைக்கு வாசித்துக்காட்ட உட்கார வைப்பாராம். அவமானம் இல்லாமல் முதல் வகுப்புப் புத்தகத்தைத் திரும்பப் படித்துவிடுவான். இந்த உத்தியை எந்தப் பயிற்சிப் பள்ளியும் சொல்லித் தந்திருக்காது.

1888 ஜனவரி 12ஆம் தேதிப் பனிப்புயலை அந்தப் பக்கத்து ஆசிரியைகள் யாரும் மறப்பதில்லை. காலையில் இளவெயில் அடித்த நாளில், பள்ளி நேரத்தில் புயல் வந்து எத்தனையோ பிள்ளைகளைக் கொண்டுபோனது. மின்னி ஃப்ரீமன் என்ற இளம் ஆசிரியை, கூரை பிய்ந்த மண்கட்டிப் பள்ளியிலிருந்து தன் பிள்ளைகளை ஒரு வீட்டுக்குக் கூட்டிச்சென்று காப்பாற்றிப் புகழ்பெற்றார். ஒருவரோடொருவரைக் கயிற்றால் கட்டினாரா இல்லையா என்பது இன்றைக்கும் வழக்காடப்படுகிறது. டீச்சருக்கு அந்தக் கயிற்றில் அக்கறையில்லை. "என் பள்ளி அலமாரியில் எப்போதும் மூன்று நாளைக்கு டின் பீன்ஸ் இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

பள்ளிக் குழுவினர் ஆசிரியை தேடுவதே ஊர்ப் பிரம்மச்சாரிகளுக்காகத்தான் என்று அங்கே ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு. இவர் விஷயத்தில் நான்கு ஆண்டு பிடித்தது. 1957இல் திருமணம். ஒரு தலைமுறைக்கு முன்பென்றால் தாலியோடு வேலை போயிருக்கும், அதாவது தாலிக்கு அங்கே என்ன பெயரோ அதோடு. அமெரிக்காவில் எத்தனையோ பள்ளிகள் மணமான பெண்களை வைத்துக்கொண்டதில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆளுக்குத் தட்டுப்பாடு வந்த பிறகுதான் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. ஆகவே இவர் தொடர்ந்தார். காலை நாலரைக்குக் கொட்டகை, எட்டுக்குப் பள்ளி, நாலரைக்குத் திரும்பவும் கொட்டகை. தன் நான்கு பிள்ளைகளுக்கும் அவரே ஆசிரியை. பள்ளியில் அம்மா என்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். மே மாதம் கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போடும் நாளில் அக்கம்பக்கத்தார் முப்பது பேர் கூடுவார்கள். கூலி கிடையாது, இன்றைக்கு நம் வீட்டில், நாளைக்கு அவர்கள் வீட்டில். நோட்டில் எழுதாத மொய். குதிரையில் வந்து கயிறு வீசுகிறவர்கள், கன்றை அமுக்கிப் பிடிக்கிறவர்கள், காயடிக்கிறவர்கள் என்று ஆளுக்கொரு வேலை. டீச்சர் கையில் தடுப்பூசி. பதினோரு மணிக்கு ஊசியை மகளிடம் கொடுத்துவிட்டுப் போய் முப்பது பேருக்கும் சாப்பாடு எடுத்துவைப்பார். மனைவி என்ற சொல்லுக்குள் அங்கே எவ்வளவு போகும் என்று பாருங்கள்.

ராஞ்சுக்குக் காசு வருவது வருடத்துக்கு ஒருமுறை, கன்று விற்கும்போது. அதில் வங்கி, வைக்கோல், வேலிக்கம்பி எல்லாம் போக மிச்சம் என்பது பல வருடங்களில் வெறும் பேச்சு. மாதாமாதம் வந்தது டீச்சர் சம்பளம் மட்டுமே. பின்னாளில் குடும்பம் முழுவதற்குமான மருத்துவக் காப்பீடும் அந்தப் பள்ளி வேலையோடு வந்ததுதான். இது அந்த ஒரு வீட்டுக் கதையும் அல்ல. அமெரிக்கப் பண்ணைக் குடும்பங்களை வருமானப்படி வரிசையில் நிறுத்தினால், நட்டநடுவில் நிற்கும் குடும்பத்துக்குப் பண்ணையிலிருந்து வரும் வருமானம் பெரும்பாலான ஆண்டுகளில் பூஜ்யத்துக்கும் கீழே என்கிறது வேளாண் துறை. பொழுதுபோக்குக்கு நாலு மாடு வைத்திருப்பவர்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி, அதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும், மாடு வளர்க்க முதலில் வாங்க வேண்டிய கருவி டவுனில் சம்பளம் வாங்கும் மனைவி என்று அவர்களே சொல்லிச் சிரித்துக்கொள்கிறார்கள்.

பெட்டி

அந்த மூன்று மணிக் காபியில்தான் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இப்போது செய்துவிட்டு வந்தீர்களே, அது மனைவி வேலையா? நீங்களே உங்களைக் குறைத்துச் சொன்னால் மற்றவர்கள் எப்படி மதிப்பார்கள்?" என்று ஒமாஹாவிலிருந்து ஐந்து மணி நேரம் வண்டியில் வந்த நான் அவருக்கு எடுத்துச் சொன்னேன். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. டீச்சர் பதில் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு பழைய பூட்ஸ் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

முதலில் சொன்னது மாமியார் கதை. மாமியாரும் ஆசிரியையாக வந்தவர்தான். 1904இல் வந்த கின்கெய்ட் சட்டப்படி மேற்கு நெப்ராஸ்காவில் ஒருவருக்கு 640 ஏக்கர் வரை அரசு நிலம் கிடைத்தது. மணமாகாத பெண்ணும் கேட்கலாம், கணவனோடு இருக்கும் பெண் பொதுவாகக் கேட்க முடியாது. மாமியார் கல்யாணத்துக்கு முன்பே கேட்டு, அங்கேயே ஐந்து வருடம் குடியிருந்து, பட்டா வாங்கியவர். திருமணத்துக்குப் பிறகு அடமானத்துக்கு ஒரே பெயராக இருந்தால் வசதி என்று வங்கியில் சொல்ல, ஒரு டாலருக்கும் அன்புக்கும் என்று பத்திரம் எழுதிக் கணவர் பெயருக்கு மாற்றிவிட்டார். ரொம்ப நாள் கழித்து எல்லா நிலத்தையும் இருவர் பெயரிலும் கூட்டாக எழுதினார்கள். 1966இல் மாமனார் இறந்தார்.

அன்றைய சட்டம் இப்படி: கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாக இருக்கும் சொத்தில் யார் முதலில் இறந்தாலும், முழுச் சொத்தும் இறந்தவருடையது என்றே மரண வரிக்கு, அதாவது இறந்தவர் விட்டுப்போகும் சொத்துக்கு அரசு போடும் வரிக்கு, கணக்கு. இருப்பவர் தான் பணம் போட்டதைக் காகிதத்தில் காட்டினால் அந்த அளவுக்குக் கழித்துக்கொள்வார்கள். ஆண் பெண் என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. ஆனால் முதலில் இறப்பது பெரும்பாலும் கணவன். காகிதம் இல்லாதிருப்பது பெரும்பாலும் மனைவி. கன்று இழுத்ததும் சமைத்ததும் பெரும்பாலும் கணக்கில் ஏறாது. வரிவிலக்கு வரம்பு 1942இலிருந்து 1976 வரை அசையாமல் 60,000 டாலரில் நின்றது. நில விலையோ நிற்கவில்லை. விதவை வரி என்றே அதைச் சொன்னார்கள். இவர்கள் வீட்டுக்கு வந்த அதிகாரி மரியாதையானவராம். மாமியாரிடம், "நீங்கள் இந்த நிலத்துக்கு என்ன கொடுத்தீர்கள் அம்மா?" என்று கேட்டார். மாமியார் தன் பழைய பட்டாவைக் காட்டினார். அவர் ஒரு டாலர் பத்திரத்தைக் காட்டினார். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் மனைவி என்று எழுதிக்கொண்டு போனார். வரி கட்ட 640 ஏக்கர் விற்றார்கள்.

"அந்த மாதச் சம்பளத்திலிருந்து தொடங்கினேன்" என்று டீச்சர் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு சம்பளச் சீட்டோடும் அதே மாதம் ராஞ்ச் கணக்கில் பணம் கட்டிய வங்கிச் சீட்டு, குண்டூசியால் குத்தி இணைத்தது. பின்பக்கத்தில், கரும்பலகையில் எழுதுகிற அதே சாய்வில்லாத கையெழுத்தில், அந்தச் சம்பளம் என்னவாக மாறியது என்று பென்சிலில் ஒரு வரி. வேலிக்கம்பி, எட்டு உருளை. கொட்டகைத் தகரம். காளை வாங்கியதில் பாதி. மருந்து. வட்டி. வட்டி. வட்டி. நான் ஒன்றொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். கணவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அவர்தான் குண்டூசி வாங்கிவந்தார்" என்றார்.

பெட்டியை யாரும் கேட்கவே இல்லை. இந்த வரியை மாற்றக் கோரி 1970களில் டோரிஸ் ராயல் என்ற நெப்ராஸ்கா விவசாயப் பெண் தொடங்கிய கையெழுத்து இயக்கத்தில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். டீச்சர் கையெழுத்தும் அதில் உண்டு. 1976இல் சட்டம் கொஞ்சம் இளகியது. 1982 தொடக்கத்திலிருந்து கணவன் மனைவிக்கிடையே போகும் சொத்துக்கு வரியே இல்லையென்று ஆனது. டீச்சரின் கணவர் இறந்தது 1994இல். ஆனால் சீட்டுகள் 1982இல் நிற்கவில்லை. ஓய்வுபெறும் வரை ஒரு மாதமும் விடவில்லை. பிறகும் ஏன் எழுதினீர்கள் என்றதற்கு, "மாற்றியவர்கள் திரும்பவும் மாற்றமாட்டார்கள் என்று உனக்கு யார் சொன்னது?" என்றார். அவர் அப்படிச் சொல்ல இன்னொரு காரணமும் இருந்தது. தொடக்கப் பள்ளி மட்டும் நடத்திய சின்னஞ்சிறு உள்ளூர் அமைப்புகளை (பள்ளி மாவட்டம் என்று அங்கே பெயர்) கலைக்க 2005இல் மாநிலச் சட்டமன்றம் சட்டம் போட்டது. 2006 ஜூனில் கலைத்துவிட்டார்கள். அதே வருடம் நவம்பரில் மக்கள் வாக்களித்து அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். அதற்குள் இவர் பள்ளிக்குப் பூட்டுப் போட்டு, மேசைகளை ஏலம் விட்டு முடித்திருந்தார்கள். இருந்தாலும் நாற்பது மைல் ஓட்டிப்போய் வாக்களித்துவிட்டு வந்தாராம்.

அன்றிரவு அவர் தன்னை ஏன் ராஞ்ச் மனைவி என்று சொல்லிக்கொள்கிறார் என்பதற்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை. நானாகப் பல பதில்கள் தயாரித்துப் பார்த்துவிட்டேன். அதிகாரி அன்று படிவத்தில் எழுதிய சொல் அது. அந்தச் சொல்லுக்கு மதிப்புப் போடவில்லை என்றால் தவறு சொல்லில் இல்லை, கணக்கில் என்று ஆசிரியை நினைத்திருக்கலாம். அல்லது, 1997 வரை அமெரிக்க வேளாண் கணக்கெடுப்பில் ஒரு பண்ணைக்கு ஒரே ஆளைத்தான் நடத்துபவர் என்று பதிவார்கள். 2002இலிருந்து மூன்று பேர், 2017இல் நான்கு பேர் வரை. அந்த 2017இல் பார்த்தால் நூற்றுக்கு 36 பேர் பெண்கள். அதுவரை தனக்கு இடம் தராத பெயர் இனி எதற்கு என்று விட்டிருக்கலாம். அல்லது அவருடைய ஊரில் எல்லோருக்கும் அந்தச் சொல்லின் எடை தெரியும், என்னைப் போல வெளியூர்க்காரிக்குத்தான் அது லேசாகத் தெரிகிறது என்பதாகவும் இருக்கலாம். மூன்றாவதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அதனால் அதுவே சரியாக இருக்குமோ என்றும் படுகிறது. என் அம்மாவும் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியைதான், இரண்டு எருமை கறந்துவிட்டுப் பள்ளிக்குப் போனவர். எங்கள் வீட்டு ரேஷன் அட்டையில் அப்பா விவசாயி, அம்மா குடும்பத் தலைவரின் மனைவி. அதைப் பார்த்து ஒருநாளும் எனக்குக் கோபம் வந்ததில்லை.

இரங்கல் அறிவிப்பைப் பற்றி நான் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டபோது, பெட்டி இப்போது தன்னிடம் இருக்கிறது என்றாள் தோழி. கடைசிச் சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். குண்டூசி துருவேறி, காகிதத்தில் செம்பழுப்பாக ஒரு வட்டம். பின்பக்கம் அதே பென்சில், அதே கையெழுத்து: மே 1997. வடக்குக் காற்றாலைக்குத் தோல் வாஷர். மீதி எனக்கு.